ஸாரி இல்லாத சனி, ஞாயிறு

இனிமே என் வாயிலேருந்து ‘ஸாரி’ங்கிற வார்த்தை வெளியே வராதுன்னு ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் முடிவு பண்ணினேன். அதுக்குக் காரணம் ஒரு கரி வாளி.

மில்லுலேருந்து வந்து, பூட்ஸைக் கழட்டிட்டு, அடுப்பங்கரைக்குள்ள நுழையும்போது வாளியில இடிச்சுக்கிட்டேன். “ஸாரி”ன்னேன்.

என் சம்சாரம் எட்னா உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கிட்டிருந்தா. திரும்பிக்கூடப் பாக்கல.

“யார்கிட்ட சொன்ன?”

“உன்கிட்டதான்.”

“நான் இங்க நிக்கறேன். நீ அங்க குனிஞ்சு சொன்ன.”

“பழக்கம்.”

“வாளி என்ன சொல்லுச்சு? பரவாயில்லன்னுச்சா?”

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல. கல்யாணமான புதுசுல சொல்லிப் பாத்தேன். பதில் சொன்னா அடுத்த கேள்வி வரும்.

என் பேரு வில்ஃப் ராம்ஸ்டன். ஹாலிஃபாக்ஸ்ல கம்பளம் நெய்யற மில்லுல தறி ஃபிட்டர். வாரத்துல ஒரு நாள், வியாழக்கிழமை, ராத்திரிப் பள்ளிக்கூடம் போறேன். தச்சுவேலை வகுப்புல சேரத்தான் போனேன். இடம் இல்லன்னுட்டாங்க. வார்த்தைகளோட பொறப்பு வளர்ப்பு சொல்லிக்குடுக்கற வகுப்புல இடம் இருந்துச்சு. நிறையவே இருந்துச்சு. நான், காது மந்தமான ஒரு தபால்காரர், டீச்சர் மிஸ் தார்ப். அவ்வளவுதான் வகுப்பு.

முந்தின நாள் மிஸ் தார்ப் எடுத்துக்கிட்ட வார்த்தை ‘ஸாரி’. ஆயிரம் வருஷத்துப் பழைய சரக்காம். புண்ணு, காயம், வலி, இதுக்கெல்லாம் அப்ப ஒரு வார்த்தை இருந்துச்சாம். அதுக்குப் பொறந்த புள்ளதான் ஸாரி. மனசு ரணமா இருக்குன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஒருத்தன் அதைச் சொன்னான்னா அவன் வீட்டுல யாராவது செத்திருக்கணும். குறைஞ்சபட்சம் மாடாவது செத்திருக்கணும்.

சோகத்துக்கு ‘ஸாரோ’ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதும் இதும் அக்கா தங்கச்சின்னு ஊரே நம்பிக்கிட்டிருக்கு. இல்லையாம். ரெண்டும் வேற வேற வீட்டுல பொறந்தது. ஒரே தெருவுல ரொம்ப நாள் குடியிருந்ததால சாயல் ஒட்டிக்கிச்சாம்.

அப்புறம் பாக்கச் சகிக்காத எதுக்கும் அந்த வார்த்தையையே சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. உடைஞ்ச நாற்காலின்னா ஸாரி நாற்காலி. இதைச் சொல்லும்போது மிஸ் தார்ப் என் கோட்டைப் பாத்தாங்க.

இப்ப அந்த வார்த்தை என்ன கதியில இருக்கு? வழி விடுன்னு சொல்றதுக்கு ஸாரி. என்ன சொன்னேன்னு கேக்கறதுக்கு ஸாரி. அது என் சீட்டு எந்திரின்னு சொல்றதுக்கு ஸாரி. உன்னை எனக்குக் கட்டோட பிடிக்கலைன்னு சொல்றதுக்கும் அதேதான், கொஞ்சம் இழுத்துச் சொல்லணும். வலியைத் தவிர மத்த எல்லாத்துக்கும் ஆகுது.

இத்தனை பெரிய பரம்பரையில வந்த வார்த்தையை ஒரு வாளிக்குச் செலவு பண்ணிட்டேனேன்னு எனக்கு வெட்கமாப் போச்சு. டீயைக் குடிச்சுக்கிட்டே எட்னாகிட்ட பொறப்பு வளர்ப்பு எல்லாத்தையும் விளக்கினேன். சீவின கிழங்கை நறுக்கிக்கிட்டே கேட்டா.

“ஆக, இனிமே நான் சொல்லப் போறதில்ல”ன்னு முடிச்சேன்.

“நீயா?”

“நான்தான்.”

“நீ ஒரு நாள் தாங்கமாட்ட, வில்ஃப். கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல பாதிரியார் ‘இவளை ஏத்துக்கறியா’ன்னு கேட்டதுக்கு முதல்ல என்ன சொன்ன?”

“சரியா காதுல விழல, அதான்...”

“என்ன சொன்ன?”

“...ஸாரின்னேன்.”

“எங்க அம்மா சாகற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க.”

எனக்கு ரோஷம் வந்துருச்சு. எனக்கு ரோஷம் அடிக்கடி வராது. வர்ற நேரத்துல நல்லதா எதுவும் நடந்ததும் கிடையாது.

“பந்தயம் கட்டலாமா?”ன்னேன்.

“என்ன பந்தயம்?”

“நாளைக்குக் காலைல டீ குடிச்ச நேரத்துலேருந்து, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் சர்ச்சுல ஆறு மணி அடிக்கிற வரைக்கும். நீயும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. யார் வாயிலேருந்து அந்த வார்த்தை முதல்ல வருதோ அவங்க தோத்தாங்க. நான் ஜெயிச்சா, மில் லீவுக்கு ஏரிக்குப் போறோம்.”

கத்தியைக் கீழ வெச்சா. விஷயம் இப்பத்தான் சூடு பிடிச்சுது.

எங்க ஊர்ல கோடைக்காலத்துல ஒரு வாரம் எல்லா மில்லையும் ஒண்ணா மூடிடுவாங்க. ஊரே கிளம்பிக் கடலுக்குப் போகும். வருஷத்துல கிடைக்கிற ஒரே வாரம். அந்த வாரத்தை வருஷா வருஷம் நாங்க பிரிட்லிங்டன்ல எட்னாவோட அக்கா மேவிஸ் வீட்டுல கழிக்கிறோம். மேவிஸ் தங்கமானவங்க. அவங்க வீட்டுக்காரர் ரெஜினால்டும் தங்கமானவர்தான். சாக்கடை இலாகாவுல வேலை பாத்து ஓய்வு பெற்றவர். சாயந்திரம் ஆனா ஜன்னலைச் சாத்திட்டு, சுவத்துல துணி கட்டி, ஸ்லைடு படம் காட்டுவார். சாக்கடைப் படம். கலர்ல.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கு. கரையில ஒரு பண்ணை வீடு, வாடகைக்கு ரூம் விடறாங்க. என்கிட்ட ஒரு மூங்கில் தூண்டில் இருக்கு. அந்தத் தூண்டில் தண்ணியைப் பாத்ததே இல்ல. வாங்கினதுலேருந்து மாடிப்படிக்கு அடியில விளக்குமாறோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கு. ஒரு வாரம். நானும் அதுவும் தண்ணியும். பக்கத்துல எட்னா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்ல.

“நான் ஜெயிச்சா?”ன்னா எட்னா.

“வழக்கம்போல மேவிஸ் வீடு.”

“வாயைத் திறக்காம வரணும். படம் ஓடும்போது தூங்கக்கூடாது. ‘அந்தக் குழாய் எத்தனை அடி அகலம்’னு ரெஜினால்டை ரெண்டு கேள்வியாவது கேக்கணும்.”

“கேக்கறேன்.”

“சரி”ன்னா.

ரெண்டாவது யோசனை இல்ல. பேரம் இல்ல. மீன்கடையில நாலு தடவை புரட்டிப் பாத்து வாங்கறவ, இதுக்கு உடனே சரின்னுட்டா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். அந்த நேரத்துல நான் ஏரிக்கரையில உக்காந்துக்கிட்டிருந்தேன்.

நடுவரா யாரை வைக்கிறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதுல ரெண்டு பேருக்கும் தகராறே இல்ல. பக்கத்து வீட்டு செட்ரிக் போல்ட்டன். பஸ் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். டிக்கெட் வாங்காம ஏறினதுக்காகச் சொந்தத் தங்கச்சியைப் பாதி வழியில, மழையில இறக்கி விட்டவர். அவர்கிட்ட நியாயம் தவிர வேற ஒண்ணும் கிடையாது. பொண்டாட்டி இருந்தாங்க, அவங்களும் இப்ப லீட்ஸ்ல மக வீட்டோட போயிட்டாங்க.

கொல்லைச் சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து விவரத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சார்.

“வார்த்தையைச் சொன்னா அவுட். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“முணுமுணுத்தா?”

“அவுட்.”

“தூக்கத்துல உளறினா?”

“எட்னா பொய் சொல்லமாட்டா. காலைல சொல்லிடுவா.”

“சட்டம் தெளிவா இருக்கு. நான் ஒத்துக்கறேன்.”

சனிக்கிழமை டீ குடிச்சு கப்பை வெச்சதுமே பந்தயம் ஆரம்பமாயிடுச்சு. எட்னா என்கிட்ட ஒரு பையைக் குடுத்தா. கசாப்புக் கடையில ஆட்டுக்கறி, ஆணிக்கடையில ஒரு தாழ்ப்பாள், சந்தையில கோஸ். செட்ரிக் பழைய யூனிஃபார்ம் தொப்பியைப் போட்டுக்கிட்டுக் கூடவே வந்தார்.

பஸ்ஸுல ஏறின உடனே சோதனை. ஒரு குண்டு அம்மா, ரெண்டு கையிலயும் கூடை, பஸ் குலுங்கினதுல முழு உடம்பையும் என் இடது கால் மேல இறக்கினாங்க. எங்க ஊர்ல இதுக்கு ஒரு முறை இருக்கு. மிதிபட்டவன் முதல்ல ஸாரி சொல்லணும். அப்புறம் மிதிச்சவங்க ஸாரி சொல்லுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பாக்கணும். மிதிபட்டவன் ஆரம்பிக்கலைன்னா மிதிச்சவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

நான் ஆரம்பிக்கல. அந்தம்மா காலை எடுக்காம என் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் அவங்களைப் பாத்தேன். பஸ்ஸே பாத்துச்சு.

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதா, கண்ணு?”ன்னாங்க கடைசியில.

“வலிக்குது”ன்னேன்.

ஒரு பெரியவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கிட்டார். முன்சீட்டுல ஒரு அம்மா குழந்தையை இந்தப் பக்கம் இழுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. கண்டக்டர் ஓடி வந்தார்.

“என்ன பிரச்சினை?”

“இந்த அம்மா என் கால் மேல நிக்கறாங்க. எனக்கு வலிக்குது. அதைத்தான் சொன்னேன்.”

“பொது இடத்துல இப்படியெல்லாம் பேசக்கூடாது சார். பொம்பளைங்க இருக்காங்க.”

அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டேன். இறக்கி விடல. நானா இறங்கினேன்னு செட்ரிக் சாட்சி சொல்லுவார்.

“நியாயமாத்தான் நின்ன”ன்னார், மீதி தூரம் நடக்கும்போது. “ஆனா நான் டியூட்டியில இருந்திருந்தா இறக்கித்தான் விட்டிருப்பேன்.”

ஆணிக்கடை ஒடுக்கமான கடை. தாழ்ப்பாள் கடைசி அலமாரியில இருக்கு. நடுவுல ரெண்டு பேர் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு பெயின்ட் பத்திப் பேசறாங்க. ‘ஸாரி’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கதவு மாதிரித் திறந்துப்பாங்க. சொல்ல முடியாது. இருமினேன். ஒருத்தர் இருமல் மாத்திரை குடுத்தார். ஹூம்னேன். ஆமா, இந்த வருஷம் குளிர் அதிகம்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தற நேரம் வர்ற வரைக்கும் அங்கேயே நின்னேன். என்னையும் வெளியே அனுப்பிச் சாத்திட்டாங்க.

கசாப்புக்கடை வரிசையில ஒரு ஆளு எனக்கு முன்னாடி நுழைஞ்சுட்டான். மத்த நாளா இருந்தா நான் என்ன பண்ணுவேன்? ‘ஸாரி...’ன்னு இழுப்பேன். அவன் செத்துருவான். எங்ககிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். அது இல்லாம நான் நிராயுதபாணி. அவனுக்குப் பின்னாடி இன்னும் மூணு பேர் நுழைஞ்சாங்க. வாங்கி முடிச்சப்போ ஆட்டுல மிச்சம் இருந்தது கழுத்து மட்டும்தான்.

மனசு ஒடிஞ்சு பப்புல போய் நின்னேன். எங்க பப்புல பீர் குடுக்கறவரை எப்படிக் கூப்பிடுவோம்? அதேதான். நான் விரலைத் தூக்கினேன். அவர் அந்தப் பக்கம் தாடியைச் சொறிஞ்சுக்கிட்டிருந்தார். புருவத்தைத் தூக்கினேன். எனக்குப் பக்கத்துல நின்ன செட்ரிக் “ஸாரி!”ன்னார். பீர் வந்துச்சு. அவருக்கு.

“எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாமில்ல?”

“நடுவர் ஒரு பக்கம் சாயக்கூடாதுப்பா”ன்னுட்டு நுரையை ஊதினார்.

கோஸும் ஆட்டுக் கழுத்துமா வீட்டுக்குப் போனேன். எட்னா பையைத் திறந்து பாத்தா.

“தாழ்ப்பாள்?”

“வாங்க முடியல.”

“கறி?”

“அதுதான்.”

“கறி வாங்கப் போனவன் கழுத்தைக் குடுத்துட்டு வந்த மாதிரி இருக்க. உக்காரு.”

அவளும் அன்னிக்கு வெளியே போயிட்டு வந்திருந்தா. தையல் கடை, லைப்ரரி, செருப்பு ரிப்பேர் எல்லாம் முடிச்சாச்சு. அவ எப்படி வாயைத் திறக்காம வந்தான்னு எனக்குப் புரியல. அப்பத்தான் மெல்ல யோசிச்சேன். எட்னாவுக்குப் பள்ளிக்கூடச் சமையல்ல வேலை. நானூறு புள்ளைங்களுக்கு வேகவெச்ச கோஸை மிச்சம் வைக்காம திங்க வெச்சவ. இன்னிக்கு ஹாலிஃபாக்ஸ்ல கடை வெச்சிருக்கிறவன், பஸ் ஓட்டறவன், போலீஸ்காரன், பாதிப் பேர் அவ கையால கோஸ் தின்னவங்க. அவ தூரத்துல வரும்போதே முன்கூட்டி ஸாரி சொல்லிடறாங்க. அவளுக்கு அந்த வார்த்தையே தேவைப்பட்டதில்ல.

இன்னும் யோசிச்சேன். இத்தனை வருஷக் குடித்தனத்துல என்கிட்ட அவ ஒரு தடவையாவது சொல்லியிருக்காளா? ஞாபகத்தை அடிவரைக்கும் துழாவிப் பாத்தேன். பொரிச்ச மீன்ல முள்ளு சிக்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்போகூட ‘மென்னு தின்னிருக்கணும்’னுதான் சொன்னா.

சொல்லவே சொல்லாத ஒருத்திகிட்ட, சொல்லக்கூடாதுன்னு பந்தயம் கட்டியிருக்கேன். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல இதையெல்லாம் சொல்லித் தர்றதில்ல.

சரி, பொறி வைக்கணும்னு முடிவு பண்ணினேன். ஹால்ல நாற்காலியில உக்காந்து காலை நல்லா நீட்டி வெச்சேன். எட்னா துணிக்கூடையோட வந்தா. மிதிச்சா. காலைலயே அடிபட்ட அதே இடது கால்.

“அம்மா!”ன்னேன்.

“நடக்கிற இடத்துல கால் வெச்சா மிதிபடத்தான் செய்யும்”னு சொல்லிட்டுப் போனா.

அடுத்து, காதுல விழாத மாதிரிப் பேசிப் பாத்தேன். என்ன சொன்னேன்னு கேக்கறதுக்காவது அவ அந்த வார்த்தையைச் சொல்லணுமே.

“ம்ம்ம் ம்ம் சீஸ் ம்ம்”ன்னேன், சாப்பிடும்போது.

“பல்செட்டைச் சரியா மாட்டிட்டுப் பேசு.”

“ம்ம்ம் ம்ம்.”

“இன்னும் கொஞ்சம் கழுத்து வேணுமா? இந்தா.”

மூணு தடவை முனகினேன். மூணு தடவையும் கழுத்து விழுந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சு. வாசப்படியில மிஸஸ் க்ரேவன் கறுப்புத் தொப்பியோட நின்னாங்க. அவங்க பூனை முந்தின நாள் போயிடுச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் கையைப் பிடிச்சு ‘ஸாரி’ங்கறாங்க. மிஸ் தார்ப் சொன்ன அசல் அர்த்தம் இதுதான். இங்க சொன்னா அந்த வார்த்தைக்கே மரியாதை. ஆனா சட்டம் சட்டம். செட்ரிக் தூணோரமா காதைத் தீட்டிக்கிட்டு நின்னார். நான் மிஸஸ் க்ரேவன் கையைப் பிடிச்சேன்.

“போயிடுச்சாமே”ன்னேன்.

“ஆமா வில்ஃப்.”

அவங்க காத்திருந்தாங்க. எனக்குப் பின்னாடி வரிசை காத்திருந்துச்சு.

“நல்லாத் தின்னுக்கிட்டிருந்துச்சு”ன்னேன்.

கையை உருவிக்கிட்டாங்க. பின்னாலயே வந்த எட்னா ஒரு வார்த்தையும் பேசல. மிஸஸ் க்ரேவனை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அந்தம்மா அழுது தீர்த்துட்டு, “உன்னை மாதிரி ஆறுதல் யாரும் சொல்லல எட்னா”ன்னாங்க. அவ எதுவுமே சொல்லல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

சாயந்திரம் டீக்கு செட்ரிக் வந்தார். மேஜை மேல ரொட்டி, வெண்ணெய், டப்பா சால்மன், கேக். கடிகாரத்துல அஞ்சரை. எனக்குக் கால் வலி, பசி, ஊருல பாதிப் பேரோட மனஸ்தாபம். ஆனா இன்னும் அரை மணி நேரம்தான். அரை மணி நேரம் வாயை மூடிட்டு இருந்தா சமன்லயாவது முடியும். மறுபடி ஒரு பந்தயம் கட்டிக்கலாம்.

எட்னா டீ ஊத்தினா. உக்காந்தா. கப்பைத் தொடல. ஏப்ரன் நுனியைப் பிடிச்சு மடிச்சா, பிரிச்சா.

“வில்ஃப்.”

“என்ன?”

“எனக்கு முடியல.”

“என்ன முடியல?”

“நான் தோத்துட்டேன்.”

நான் செட்ரிக்கைப் பாத்தேன். செட்ரிக் கேக்கைப் பாத்தார்.

“இன்னிக்குக் காலைல மிஸஸ் க்ரேவனைப் பாத்தப்போ தொண்டை வரைக்கும் வந்துருச்சு. அந்த மனுஷி முகத்தைப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம வந்தேனே, நான் என்ன பொம்பளை? ஒரு ஏரிக்காக இது தேவையா? நீயே ஜெயிச்சதா இருக்கட்டும். பண்ணை வீட்டுல சொல்லிடு. நான் ஸ்வெட்டர் பின்னிக்கறேன்.”

“நிஜமாவா?”

“மேவிஸுக்கு நான் சொல்லிக்கறேன். நம்ம ரூமுக்குப் புதுத் திரை தைச்சு வெச்சிருக்கா, பாவம். நீல நிறத்துல, உனக்குப் பிடிக்கும்னு. கொஞ்சம் அழுவா. அப்புறம் சரியாயிடும். ரெஜினால்டும் உனக்காகப் புதுசா படம் எடுத்து வெச்சிருக்காராம். யாருக்காவது காட்டிப்பார். அவருக்கு யார் இருக்கா? நீ ஒருத்தன்தான் தூங்காம... சரி, தூங்கினாலும் உக்காந்தே தூங்குவே.”

ஏப்ரன் நுனி கண்ணுக்குப் போச்சு.

எட்னா அழுது நான் பாத்ததில்ல. வெங்காயம் அவகிட்ட தோத்துப் போன வீடு இது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஒரு பக்கம் ஏரி பளபளன்னு தெரியுது. இன்னொரு பக்கம் நீலத் திரைச்சீலை. நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சேன். பெருந்தன்மையா அவ தோள் மேல கையை வெச்சேன்.

“அட என்ன எட்னா இது,”ன்னேன். “ஸாரிம்மா.”

எங்க ஊர்ல ஜெயிச்சவன் சும்மா இருக்கமாட்டான். சீட்டாட்டத்துல ஜெயிச்சா ஸாரி. கிரிக்கெட்ல ஒருத்தன் ஸ்டம்பைப் பறக்கவிட்டா ஸாரி. வெங்காயப் போட்டியில முதல் பரிசு வாங்கினா, ரெண்டாவது வந்தவனைத் தேடிப் போய் ஸாரி சொல்லிட்டுத்தான் கப்பை வீட்டுக்குக் கொண்டு வரணும். தோத்தவன்கூட வாயை மூடிக்கிட்டு இருக்கலாம். ஜெயிச்சவனுக்கு அந்த சலுகை கிடையாது. இது எட்னாவுக்கும் தெரியும்.

செட்ரிக் கேக் துண்டைத் தட்டுல வெச்சார். வாயைத் துடைச்சார். கடிகாரத்தைப் பாத்தார்.

“அஞ்சே முக்கால். வில்ஃப் ராம்ஸ்டன், அவுட்.”

“என்ன அவுட்? அவதான் தோத்துட்டாளே! இப்பத்தானே வாயால சொன்னா!”

“தோத்துட்டேன்னு சொன்னாங்க. அந்த வார்த்தையைச் சொன்னாங்களா?”

“சொல்லல. ஆனா...”

“பந்தயம் என்ன? யாரு முதல்ல தோத்துட்டேன்னு சொல்றதுன்னா, யாரு முதல்ல அந்த வார்த்தையைச் சொல்றதுன்னா?”

“அவ விட்டுக் குடுத்துட்டாளே செட்ரிக்! ஏரிக்குப் போலாம்னாளே!”

“டிக்கெட் வாங்கறேன்னு சொல்றதும் டிக்கெட் வாங்கறதும் ஒண்ணு இல்லப்பா. முப்பது வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

எட்னாவைத் திரும்பிப் பாத்தேன். ஏப்ரன் மடிமேல நேரா விரிஞ்சு கிடந்துச்சு. கண்ணு காய்ஞ்சு இருந்துச்சு. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தா, மூலை முடுக்கு விடாம.

“நீ அழுதியே!”ன்னேன்.

“அழக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சா?”

“மிஸஸ் க்ரேவன்? தொண்டை வரைக்கும் வந்துச்சுன்னியே?”

“வந்துச்சு. முழுங்கிட்டேன். நானூறு புள்ளைங்களுக்கு முழுங்கச் சொல்லிக் குடுத்தவ, எனக்குத் தெரியாதா?” ரொட்டியை என் தட்டுல வெச்சா. “தின்னு. நேத்துலேருந்து சரியாவே தின்னல நீ.”

“நீலத் திரைச்சீலை?”

“அது நிஜம்.”

“ரெஜினால்ட் புதுசா எடுத்த படம்?”

“அதும் நிஜம். புதுப் பம்ப் ஸ்டேஷன் திறந்திருக்காங்களாம். மொத்தம் நாலு பெட்டி ஸ்லைடு.”

நான் உக்காந்தேன். தூண்டிலைப் போட்டு மீன் பிடிக்கணும்னு ஆசைப்பட்டது நான். தூண்டிவிட்டுப் பிடிச்சது அவ. சால்மன் டப்பா மேல வரைஞ்சிருந்த மீன் என்னைப் பரிதாபமாப் பாத்துச்சு.

செட்ரிக் கடைசி வாய் டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சார். தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டு எட்னாகிட்ட குனிஞ்சு பவ்வியமா ஏதோ கேட்டார்.

“மாடிப்படிக்கு அடியில இருக்கு”ன்னா எட்னா. “தூசி தட்டி வெச்சிருக்கேன். விளக்குமாறு பக்கத்துல பாருங்க.”

“என்ன இருக்கு?”ன்னேன் நான்.

“அந்த வாரம் செட்ரிக் ஏரிக்குப் போறாராம், வில்ஃப். தனி மனுஷன், ஒரு மாறுதல் வேணுமில்ல? நாம ஊர்ல இல்லாதப்போ தூண்டில் சும்மாதானே கிடக்கும், எடுத்துக்கட்டுமான்னு வெள்ளிக்கிழமையே கேட்டார். தாராளமா எடுத்துக்கங்கன்னுட்டேன்.”

“வெள்ளிக்கிழமையேவா? பந்தயம் ஆரம்பிக்கவே இல்லையே அப்ப!”

“அதனாலதான் அப்பவே கேட்டேன்,”ன்னார் செட்ரிக். “பந்தயம் ஆரம்பிச்சப்புறம் ஒரு பக்கத்துலேருந்து பொருள் வாங்கினா நடுவருக்கு அழகா?”

நீளமான மூங்கில். ஒடுக்கமான ஹால். செட்ரிக் அதைத் தோள்ல வெச்சு, குறுக்கே திருப்பி, நெடுக்கே திருப்பி, வாசக் கதவு வரைக்கும் கொண்டு வந்துட்டார். அதுக்கு மேல அவரால போக முடியல. நான் நடுவுல நின்னுக்கிட்டிருந்தேன்.

“ஸாரி”ன்னு சொல்லி ஒதுங்கி வழி விட்டேன்.